அரை மாத்திரை வைத்தியம்

"எலிக்கு வைத்தியம் பார்த்து முடிக்கறதுக்குள்ள புள்ள போய்ச் சேர்ந்துடும் சார்."

இந்த வாக்கியத்தை இந்த வருஷத்தில் மட்டும் நாலைந்து பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன். நெம்மேலி டீக்கடையில் ஒருவர், காலை நடையில் ஒருவர், திருப்போரூர் கிருத்திகைக் கூட்டத்தில் சந்தித்த உறவினர் ஒருவர். எல்லோரும் நல்லவர்கள். ஒரு குழந்தைக்காகத் தங்கள் கையிலிருந்து பணம் போட்டவர்கள். ஆனாலும் அவர்கள் சொல்வது தவறு. வெறும் தவறாக இருந்தால் விட்டிருப்பேன். இது ஆபத்தான தவறு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

விஷயம் இதுதான். எங்கள் பக்கத்தில் ஆறு வயதுப் பையனுக்கு மூளையில் கட்டி. அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். காலையில் எழுந்தவுடன் தலைவலி, வாந்தி. முதலில் பித்தம் என்றார்கள். அப்புறம் கண்ணில் பவர் என்றார்கள். நடை தள்ளாட ஆரம்பித்த பிறகுதான் ஸ்கேன் எடுத்து, சிறுமூளையில் கட்டி என்று தெரிந்தது. ஆபரேஷன் ஆயிற்று, கதிர்வீச்சும் ஆயிற்று. அதற்குப் பிறகு ஓரிடத்தில் 'டார்கெட்டட் தெரபி' என்று ஒரு மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். பெரியவர்களுக்கு வேறொரு புற்றுநோய்க்குக் கொடுக்கும் மாத்திரை. ஒரு மாத விலை, அந்தத் தகப்பனின் அரை வருஷச் சம்பாத்தியம். இருக்கிற மூன்று சென்ட் மனையை விற்கப் பேச்சு நடந்தது.

என்னிடம் சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். நான் இரண்டே கேள்விகள் எழுதிக் கொடுத்தேன். "இந்த மாத்திரை கட்டியில் எதைக் குறிவைக்கிறது? என் பையன் கட்டியில் அது இருக்கிறதா என்று பார்த்தீர்களா?" போய்க் கேட்டார். கிடைத்த பதில்: "ட்ரை பண்ணிப் பார்க்கலாம்." பிறகு கட்டித் துண்டை வேறொரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிப் பார்த்ததில், அந்த மாத்திரை குறிவைக்கும் சங்கதியே அதில் இல்லை என்று வந்தது. மனை தப்பியது. பையனுக்கு வழக்கமான கீமோ நடந்துகொண்டிருக்கிறது. அந்த இடத்தின் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. என் கோபம் ஓர் இடத்தின் மேல் இல்லை. "ட்ரை பண்ணிப் பார்க்கலாம்" என்ற அந்த மூன்று வார்த்தைகளின் மேல்தான்.

நான் அரசு மருத்துவமனைகளில் முப்பத்து மூன்று வருஷம் மருந்து கொடுத்தவன். உத்தரவில் மருந்தாளுநர் என்று இருக்கும், ஊருக்குக் கம்பவுண்டர். மாத்திரையை அரையாகவும் காலாகவும் உடைத்து, பொடி பண்ணி, வெள்ளைத்தாளில் பொட்டலம் மடித்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தது என் கையால் எத்தனை ஆயிரம் முறையோ. அந்தக் காலத்து மருந்துகளுக்கு அது சரி. பாராசிட்டமால் குழந்தையின் உடம்பில் என்ன செய்யும் என்று பல தலைமுறை அனுபவம் இருக்கிறது. எடைக்குத் தக்க அளவைக் கணக்குப் போட்டால் போதும். ஆனால் அந்தப் பழக்கத்திலேயே நம் மனசில் ஒரு நம்பிக்கை உட்கார்ந்துவிட்டது: குழந்தை என்பது பாதிப் பெரியவர், குழந்தை வைத்தியம் என்பது அரை மாத்திரை வைத்தியம். மூளைக்கட்டி விஷயத்தில் இந்த நம்பிக்கை குழந்தையைக் கொல்லும், அல்லது முடமாக்கும். நான் பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். இரண்டு மருந்துகளின் கதையைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

முதல் கதை ஆட்டுக்குட்டியில் ஆரம்பிக்கிறது. 1950-களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், நெற்றி நடுவே ஒற்றைக் கண்ணோடு ஆட்டுக்குட்டிகள் பிறந்தன. மேய்ச்சல் நிலத்தில் இருந்த ஒரு காட்டுச் செடியைச் சினை ஆடுகள் தின்றதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அந்தச் செடியிலிருந்த நச்சு, கருவில் உறுப்புகள் உருவாக உத்தரவு கொடுக்கும் ஒரு பாதையை அடைத்துவிடுகிறது. அந்தப் பாதைக்கு ஹெட்ஜ்ஹாக், அதாவது முள்ளெலி என்று பெயர்.

குழந்தைகளின் சிறுமூளையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற கட்டியில், பத்தில் மூன்று பங்குக்கு இந்த முள்ளெலிப் பாதை கட்டுமீறி ஓடுவதுதான் காரணம். அப்படியானால் பாதையை அடைத்தால் கட்டி கரையுமே? 2004-ல் அமெரிக்காவின் செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆராய்ச்சி மருத்துவமனையில் டாம் கர்ரன் குழுவினர் இதே கட்டி வரும் சுண்டெலிகளுக்கு அப்படிப்பட்ட மருந்தைக் கொடுத்தார்கள். கட்டிகள் கரைந்தன. உலகமே மகிழ்ந்தது. நம் டீக்கடை நண்பர் அங்கே இருந்திருந்தால், "அப்புறம் என்ன, புள்ளைங்களுக்குக் குடுக்க வேண்டியதுதானே" என்றிருப்பார்.

அவர்கள் இன்னொரு காரியம் செய்தார்கள். பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத சுண்டெலிக் குஞ்சுகளுக்கு அந்த மருந்தைச் சில நாட்கள் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். எலும்பின் முனையில் குருத்து மாதிரி ஒரு பகுதி இருக்கிறதே, குழந்தை உயரமாக வளர்வது அதனால்தான். அது நிரந்தரமாகக் கெட்டுப்போயிருந்தது. மருந்தை நிறுத்திய பிறகும் சரியாகவில்லை. வளர்ந்த எலியில் இந்தத் தொல்லை கிடையாது. வளர்ந்து முடிந்தவருக்கு அடைபட ஒன்றுமில்லை. வளர்கிற குழந்தைக்கு அதுதான் எல்லாம்.

2012-ல் விஸ்மோடெகிப் என்ற பெயரில் இந்த வகை மருந்துக்குப் பெரியவர்களின் தோல் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குழந்தைகளுக்கும் சோதனை முறையில் கொடுத்தார்கள். 2017-ல் வந்த மருத்துவக் கட்டுரையில், இந்த மருந்து எடுத்த குழந்தைகள் மூவருக்கு எலும்பு வளர்ச்சிக் குருத்து மூடிப்போனதைப் பதிவு செய்தார்கள். எலிக் குஞ்சு ஒன்பது வருஷம் முன்பே சொன்னது எழுத்துப் பிசகாமல் நடந்தது. எலும்பு வளர்ந்து முடிந்தவர்களுக்கு மட்டுமே இதைத் தர வேண்டும் என்று டாக்டர்கள் இன்று கறாராகச் சொல்வது அதனால்தான். இப்போது சொல்லுங்கள், எலிக்கு வைத்தியம் பார்த்தது வீண் வேலையா?

இரண்டாவது கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. சொராஃபெனிப் என்ற மருந்தின் பெயரைச் செய்தித்தாளில் படித்தது சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். சிறுநீரகம், ஈரல் புற்றுநோய்க்கான மாத்திரை. பேயர் கம்பெனி மாதம் சுமார் 2,80,000 ரூபாய்க்கு விற்றது. 2012 மார்ச்சில் இந்தியக் காப்புரிமைத் தலைவர் இந்த நாட்டின் முதல் கட்டாய உரிமத்தை நாட்கோ கம்பெனிக்கு வழங்கினார். விலை மாதம் 8,880 ரூபாய்க்கு வந்தது. பேயர் அப்பீல் போன இடம் நம் சென்னையில் இருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம். நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் தலைமையில் 2013 மார்ச்சில் அந்த உரிமம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. இன்றைக்கும் நான் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் தீர்ப்பு அது.

அதே காலகட்டத்தில் அமெரிக்காவில் இந்த மருந்தைக் குழந்தைகளின் மூளைக்கட்டிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மெதுவாக வளரும் ஒரு வகைக் கட்டி. பிராஃப் என்ற மரபணுவில் கோளாறு. மருந்தும் அந்தப் பிராஃபை அடைக்கக்கூடியது. காகிதத்தில் கணக்கு சரியாகத்தான் இருந்தது. 11 பேருக்குக் கொடுத்தார்கள். 9 பேருக்குக் கட்டி வளர்ந்தது, அதுவும் யாரும் எதிர்பார்க்காத வேகத்தில். சோதனையை நடத்தியவர்கள் பொறுப்பானவர்கள். உடனே நிறுத்தி, 2014-ல் நடந்ததை மறைக்காமல் எழுதினார்கள்.

ஏன் இப்படி? பெரியவர்களின் தோல் புற்றுநோயில் பிராஃப் மரபணுவில் ஓர் எழுத்து பிசகியிருக்கும். குழந்தைகளின் இந்தக் கட்டியில் பெரும்பாலும் பிராஃப் இன்னொரு மரபணுவோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பெயர் ஒன்று, கோளாறு இரண்டு. ஒட்டிய பிராஃப் ஜோடி ஜோடியாக வேலை செய்கிறது. இரட்டை மாட்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாட்டின் மூக்கணாங்கயிற்றை மட்டும் வெடுக்கென்று இழுத்தால், பக்கத்து மாடு மிரண்டு ஓடும். முதல் தலைமுறை மருந்துகள் செய்தது அதைத்தான். இதே ஒட்டுக் கோளாறு உள்ள செல்களை ஆய்வகத்தில் வைத்து, இதே குடும்பத்து மருந்தைக் கொடுத்து, கட்டி தூண்டப்படுவதை விளக்கிய கட்டுரை 2013-ல் வந்தது. அந்தச் சோதனை முந்தியிருந்தால் அந்த ஒன்பது குழந்தைகளுக்கு அந்த அவஸ்தை இல்லை.

நான் சொல்ல வருவதைக் கவனியுங்கள். விலைக்காக நாம் சண்டை போட்டோம், ஜெயித்தோம். அதற்கு முன் கிளிவெக் மருந்துக்கு 2006-ல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் உரிமை மறுத்ததும், 2007-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நோவார்ட்டிஸ் தோற்றதும், 2013-ல் உச்ச நீதிமன்றம் முடித்து வைத்ததும் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சண்டைகளுக்கு நான் இருபது தடவை கைதட்டுவேன். ஆனால் 8,880 ரூபாய்க்குக் கிடைக்கும் தப்பான மாத்திரையும் தப்பான மாத்திரைதான். மலிவு விலையில் மருந்து செய்வதில் உலகத்துக்கே கடை வைத்திருக்கிறோம் என்கிறோம். அடுத்தவன் சோதித்ததைப் பார்த்துச் செய்வதோடு நம் கடமை முடிந்ததா? நம் குழந்தைகளின் கட்டிக்கு அது பொருந்துமா என்று பார்ப்பது யார் வேலை?

அந்தச் சோதனையின் பலனையும் சொல்ல வேண்டும். ஜோடி மாடுகள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் மருந்தைத் தேடினார்கள். டோவோராஃபெனிப் என்ற அந்த மருந்துக்கு, ஆறு மாதக் குழந்தை முதல் கொடுக்கலாம் என்று 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எழுத்துப் பிசகு உள்ள குழந்தைகளுக்கு வேறு இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க 2023 மார்ச்சிலேயே அனுமதி வந்துவிட்டது. எந்தக் குழந்தைக்கு எது என்று தெரிந்து கொடுப்பதுதான் இலக்கு மருத்துவம். தெரியாமல் கொடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு கல் எறிவது.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். நண்பர்கள் சொல்வதில் வலுவானது இதுதான்: சாகக் கிடக்கும் குழந்தைக்குக் காத்திருக்க நேரம் ஏது?

உண்மை. மூளைத்தண்டில் வரும் ஒரு கட்டி இருக்கிறது. கத்தி வைக்க முடியாத இடம். கதிர்வீச்சு கொடுத்தால் சில மாதங்கள் தெளிவு. பெரும்பாலான குழந்தைகள் ஒரு வருஷத்தைத் தாண்டுவதில்லை. 1969-ல் நிலவில் கால் வைத்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங்கை நாமெல்லாம் ரேடியோவில் கேட்டு ஆச்சரியப்பட்டோமே, அவருடைய மகள் கேரன் 1962 ஜனவரியில், மூன்று வயது நிறைவதற்குள் இறந்தது இந்தக் கட்டியால்தான். அந்தக் குழந்தைக்கும் கதிர்வீச்சுதான் கொடுத்தார்கள். நிலவுக்குப் போய்வந்து ஐம்பது வருஷம் கழித்தும் இந்தக் கட்டிக்கு அதே கதிர்வீச்சுதான் முக்கிய வைத்தியமாக இருந்தது. ஏன்? அந்த ஐம்பது வருஷத்தில் பெரியவர்களின் மருந்துகளை ஒவ்வொன்றாக "ட்ரை பண்ணிப்" பார்த்தார்கள். ஒன்றும் வேலை செய்யவில்லை. கட்டி என்ன வகை என்றே தெரியாமல் கொடுத்தது எப்படி வேலை செய்யும்?

திருப்பம் எங்கே வந்தது தெரியுமா? குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோர்கள், அந்தத் துக்கத்திலும், கட்டியை ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். அதிலிருந்து செல்களை வளர்த்தார்கள், சுண்டெலியின் மூளையில் வைத்துப் பார்த்தார்கள். 2012-ல் இந்தக் கட்டிக்கே உரிய மரபணுக் கோளாறு தெரியவந்தது. அதற்குப் பிறகு வந்த டோர்டாவிப்ரோன் என்ற மருந்துக்கு 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இந்தக் கோளாறு உள்ள மூளைக்கட்டி திரும்ப வந்தவர்களுக்காக முதல் முறையாக அனுமதிக்கப்பட்ட மருந்து. அற்புதம் என்று சொல்ல மாட்டேன். 50 பேரில் ஐந்தில் ஒருவருக்குச் சற்று மேல்தான் கட்டி சுருங்கியது. ஆனால் பூஜ்யத்திலிருந்து ஒரு படி. அந்தப் படியைக் கட்டியவர்கள் காத்திருக்க மறுத்தவர்கள் அல்ல. தங்கள் குழந்தைக்குப் பயன்படாது என்று தெரிந்தும் அடுத்த குழந்தைக்காகக் கொடுத்த தாய் தகப்பன்மார்.

நேரம் இல்லை என்பது அந்த ஒரு குழந்தைக்குப் பொருந்தும். நமக்குப் பொருந்தாது. சோதனையை அந்தக் குழந்தை நோயில் விழுந்த அன்று தொடங்கச் சொல்லவில்லை. முன்கூட்டியே முடித்து வைக்கச் சொல்கிறேன். தீயணைப்பு வண்டியைத் தீப்பிடித்த பிறகா வாங்குவார்கள்?

அடுத்த வாதம்: எலியும் மனுஷனும் ஒன்றா?

இல்லை. எலியில் பலித்து மனிதரில் பலிக்காத மருந்துகள் ஏராளம். அதே மூளைத்தண்டுக் கட்டிக்கு 2015-ல் 83 மருந்துகளைக் குழந்தைகளின் கட்டி செல்களில் சோதித்துப் பனோபினோஸ்டாட் என்ற ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். எலியிலும் பலன் தெரிந்தது. குழந்தைகளுக்குக் கொடுத்தபோது, உடம்பு தாங்கும் அளவில் பலன் கிடைக்கவில்லை. மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இது காட்டுவது என்ன? சோதனை வேண்டாம் என்றா? இன்னும் கடினமான சோதனை வேண்டும் என்று.

இங்கே நம் ஊர் ஆட்களுக்கு ஒன்று சுலபமாகப் புரியும். நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஓடுகிறது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். 2024 பிப்ரவரியில் பக்கத்திலேயே 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று திறந்தார்கள். அதற்குள் இருப்பது ஒரு சவ்வு. தண்ணீரை விடும், உப்பை நிறுத்தும். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் இயற்கை இப்படி ஒரு சவ்வு வேலை செய்து வைத்திருக்கிறது. நல்லதைத் தேர்ந்தெடுத்து விடும், மற்றதை வாசலிலேயே நிறுத்தும். நாம் விழுங்கும் பல புற்றுநோய் மருந்துகள் அந்த வாசலைத் தாண்டுவதே இல்லை. வயிற்றில் போனது, ரத்தத்தில் கலந்தது, மூளைக்குப் போகவில்லை. காசு மட்டும் போனது. ஆகவே எலியின் தோலுக்கடியில் கட்டியை வைத்து "கரைந்துவிட்டது" என்று காட்டினால் போதாது. எலியின் மூளையிலேயே கட்டி இருக்க வேண்டும், மருந்து எவ்வளவு அங்கே போய்ச் சேர்ந்தது என்று அளக்க வேண்டும், குஞ்சு எலியில் என்ன கெடுதல் என்று பார்க்க வேண்டும். ஒரு மாத்திரை பரிசோதிக்கப்பட்டது என்று யாராவது சொன்னால், இந்த மூன்றும் நடந்ததா என்பதுதான் கேள்வி.

மூன்றாவது வாதம் பாவம் புண்ணியம். வாயில்லா ஜீவனை வதைக்கலாமா?

இதை நான் லேசாகத் தள்ள மாட்டேன். நம் இ.சி.ஆர். சாலை தொடங்கும் திருவான்மியூரில் கலாக்ஷேத்ராவை வளர்த்த ருக்மிணி தேவி அருண்டேல்தான் மாநிலங்களவையில் மிருகவதைத் தடுப்புக்காகப் போராடியவர். அதன் விளைவுதான் 1960-ம் வருஷத்துச் சட்டம். அந்தச் சட்டத்திலேயே 14-வது பிரிவு, உயிர் காக்கவும் துன்பம் குறைக்கவும் பயன்படும் அறிவுக்கான சோதனைகளை அனுமதிக்கிறது. தேவையற்ற வலி கூடாது என்று கண்காணிப்புக் குழுவும் வைக்கிறது. எலி இல்லாமல் செய்ய முடிந்ததை எலி இல்லாமல் செய்யட்டும். 2023-ல் நம் மருந்து விதிகளைத் திருத்தி, செல்களை வைத்தும் சில்லுகளை வைத்தும் செய்யும் சோதனைகளுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள், நல்லது. ஆனால் ஒன்று சொல்கிறேன். எலியில் சோதிக்காமல் விட்டால் சோதனை நின்றுவிடாது. அது குழந்தையின் மேல் நடக்கும். பதிவேடு இல்லாமல், கண்காணிப்பு இல்லாமல், தகப்பனின் செலவில் நடக்கும். எது பாவம்?

இன்னொரு வேடிக்கை பாருங்கள். நம் பக்கத்துப் படப்பையில் பூச்சிக்கொல்லி, ரசாயனங்களின் நச்சுத்தன்மையைச் சோதிக்கும் நிறுவனம் வெகுகாலமாக இருக்கிறது. வயலில் அடிக்கும் மருந்து விற்பனைக்கு வர வேண்டுமானால் அப்படிப்பட்ட சோதனை அறிக்கை கட்டாயம். சரியான சட்டம். கத்தரிச் செடிக்கு அடிக்கும் மருந்துக்கு இவ்வளவு கேள்வி கேட்கும் நாம், குழந்தையின் மூளைக்குப் போகும் மாத்திரை அந்தக் குழந்தையின் கட்டிக்குப் பொருந்துமா என்று ஒரு கேள்வி கேட்க வேண்டாமா?

கடைசி வாதம், பணம். "அதெல்லாம் அமெரிக்காக்காரன் செய்வான், நமக்கு ஏது வசதி?"

அமெரிக்காவில் அரசின் தேசியப் புற்றுநோய் நிறுவனமே குழந்தைப் புற்றுநோய் மருந்துகளை எலிகளில் வரிசையாகச் சோதிக்கும் திட்டத்தைப் பல வருஷங்களாக நடத்துகிறது. அங்கே 2017-ல் ஒரு சட்டம் போட்டார்கள். 2020 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. முன்பெல்லாம் நுரையீரல் புற்றுநோய் மருந்து செய்யும் கம்பெனி, "குழந்தைக்கு நுரையீரல் புற்றுநோய் வராதே" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும். இப்போது நோயின் பெயரைப் பார்ப்பதில்லை. மருந்து குறிவைக்கும் சங்கதி குழந்தைகளின் ஏதாவது ஒரு கட்டியில் முக்கியமாக இருந்தால், குழந்தைகளுக்கான ஆய்வும் செய்தாக வேண்டும். ஐரோப்பாவில் 400 குழந்தைக் கட்டி மாதிரிகளை எலிகளில் வளர்க்கும் பெருந்திட்டத்தை 2017-ல் ஆரம்பித்தார்கள். மருந்துக் கம்பெனிகளும் அதில் பங்கு.

நம்மிடம் அப்படிக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. ஆனால் மூளை இல்லை என்று சொல்லாதீர்கள். நவி மும்பை கார்கரில் டாட்டா நினைவு மையத்தின் ஆக்ட்ரெக் ஆய்வகத்தில் நீலம் ஷிர்சாட் என்ற விஞ்ஞானியின் குழு, மெடுல்லோபிளாஸ்டோமாவின் நான்கு வகைகளில் எது என்று கண்டுபிடிக்கும் சோதனையை 2013-ல் வெளியிட்டது. மருத்துவமனை அலமாரியில் மெழுகில் பதித்து வைத்திருக்கும் கட்டித் துண்டே போதும். நம் நாட்டு வசதிக்கென்று யோசித்துச் செய்த வேலை. அதே குழு மருந்தாகக்கூடிய சிறு மூலக்கூறுகளை எலிகளிலும் சோதித்தது. நம் சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது, புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி எதற்கு, எப்படியும் சாகப் போகிறவர்கள்தானே என்று பேசியவர்கள் இருந்தார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டிருந்தால் டாக்டர் சாந்தா ஏது?

இடமும் கட்டடமும் இல்லை என்றும் சொல்லாதீர்கள். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் திருமணியில் தடுப்பூசி வளாகம் நிற்கிறது. 100 ஏக்கர். 2012-ல் 594 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்துக் கட்டினார்கள். 2021-ல் கொரோனா உச்சத்தில் இருந்தபோதுகூட அங்கிருந்து ஓர் ஊசி வெளியே வரவில்லை. அந்த மே மாதத்தில் முதலமைச்சரே நேரில் போய்ப் பார்த்துவிட்டு, மாநிலத்துக்குக் குத்தகைக்குக் கொடுங்கள் என்று கேட்டார். அத்தனை கோடியைக் கொட்டிவிட்டுப் பூட்டு போடத் தெரிந்த நாட்டுக்கு, குழந்தைகளின் மூளைக்கட்டி மருந்தைச் சோதிக்க ஓர் ஆய்வகமும் சில விஞ்ஞானிகளும் சில நூறு சுண்டெலிக் கூண்டுகளும் கட்டுப்படியாகாது என்றால் யார் நம்புவது?

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். ஒன்று, குழந்தையின் மூளைக்கட்டி எங்கே அறுவை செய்யப்பட்டாலும், கட்டியின் வகையைக் கண்டுபிடிக்கும் சோதனை முதலமைச்சர் காப்பீட்டிலேயே செய்யப்பட வேண்டும். இரண்டு, பெற்றோர் சம்மதித்தால் கட்டியின் ஒரு துண்டு ஆராய்ச்சிக்காகப் பாதுகாக்கப்பட வேண்டும். மூன்று, நம் குழந்தைகளின் கட்டிகளை வைத்து, எலியின் மூளையிலும் குஞ்சு எலியிலும் மருந்துகளைச் சோதிக்கும் ஓர் அரசு ஆய்வகம் வேண்டும். நான்கு, பெரியவர்களின் இலக்கு மருந்தை இங்கே விற்க அனுமதி கேட்கும் கம்பெனி, குழந்தைக் கட்டிக்கான ஆய்வையும் காட்ட வேண்டும் என்று சட்டம் வேண்டும். இவை வரும்வரை, ஆதாரமில்லாத மாத்திரையைத் தருகிற இடம், "இது சோதனை முயற்சி" என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். பாதிப் பேர் எழுதவே மாட்டார்கள், பாருங்கள்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. பேரன் பேத்திக்கோ அக்கம்பக்கத்துக் குழந்தைக்கோ இப்படி ஒரு சீட்டு வந்தால், பெற்றோர் பதறிப்போயிருப்பார்கள். பதறாமல் கேட்க வேண்டியவர்கள் நாம். எதைக் குறிவைக்கிறது? எங்கள் குழந்தையின் கட்டியில் அது இருக்கிறதா, அறிக்கை எங்கே? மூளைக்குள் போய்ச் சேருமா? வளரும் குழந்தைக்கு என்ன கெடுதல்? பலன் இல்லை என்று எப்போது முடிவு செய்து நிறுத்துவீர்கள்? இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொண்டுபோங்கள். கோபப்படாமல் பதில் சொல்கிற டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடுங்கள். அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். "ட்ரை பண்ணிப் பார்க்கலாம்" என்று மட்டும் பதில் வந்தால், மனைப் பத்திரத்தைப் பீரோவிலேயே வைத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறி வேறொரு டாக்டரிடம் போங்கள்.